வெள்ளம் வடிந்ததும் கிணற்றை இறைக்க அவசரப்படாதீர்கள்

மிக்ஜாம் புயல் கடந்த 2023 டிசம்பரில், சென்னை வேளச்சேரிப் பக்கம் ஒரு தெரு. முழங்கால் தண்ணீர் இன்னும் வடியவில்லை. நான்கு கல்லூரிப் பையன்கள் வாடகை டீசல் பம்பை வைத்து ஒரு வீட்டின் சம்ப்பை, அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை, இறைத்துக்கொண்டிருந்தார்கள். "பாதி இறங்கிவிட்டது அண்ணா!" என்றான் ஒருவன், பெருமையாக. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மெயின் ஸ்விட்சை அணைப்பது, வெறுங்காலோடு இறங்காமலிருப்பது எல்லாம் அவர்களுக்கே தெரியும். அவற்றை விடுகிறேன்.

ஊறிய மண்ணில் காலித் தொட்டி

2015 வெள்ளத்தில் முடிச்சூரில் நானும் இதையேதான் செய்தேன். ஒரு பெரியவர் வீட்டு உறைக்கிணறு (வட்ட உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது), சாக்கடை கலந்து விளிம்புவரை நின்றது. இரண்டே மணி நேரத்தில் அடி தெரிய இறைத்துவிட்டேன். காபியெல்லாம் கொடுத்தார்கள். இரவு பத்து மணிக்கு 'தொம்' என்றொரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் மூன்றாவது உறை ஒரு சாண் உள்ளே நகர்ந்திருந்தது. இடுக்கில் மணல் கொட்டிக்கொண்டே இருந்தது. விடிவதற்குள் கிணற்று மேடையும் சாய்ந்துவிட்டது. வீட்டுச் சாமான் மொத்தத்தையும் வெள்ளத்தில் விட்டவருக்குப் புதுக்கிணற்றுச் செலவையும் வைத்தவன் நான்.

தெரு காய்ந்தாலும் மண்ணுக்குள் தண்ணீர் நிற்கும். அது வெளியிலிருந்து உறையை நெருக்கும். எதிர்த்துத் தாங்குவது உள்ளே இருக்கும் தண்ணீர்தான். சம்ப் என்றால் படகுக் கதை: காலியானால் மிதக்கப் பார்க்கும். 10,000 லிட்டர் சம்ப்பைக் காலி செய்தால் 10 டன் பாரம் போய்விடுகிறது. சுற்றிலும் தரைமட்டத்துக்குத் தண்ணீர் நின்றால், குறைந்தது அதே 10 டன் விசை அடியிலிருந்து மேலே தள்ளும். தளம் விரிசல் விடும். பிளாஸ்டிக் தொட்டியானால் குழாயைப் பிய்த்துக்கொண்டு மேலேயே வந்துவிடும்.

இப்போதெல்லாம் தெருத் தண்ணீர் வடியும்வரை தொடுவதில்லை. பிறகு மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, மூன்றில் ஒரு பங்கு மட்டும் இறைத்து, இரவு முழுக்க விடுவேன். காலையில் தண்ணீர் மறுபடி கோட்டைத் தொட்டிருந்தால் பம்பை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

வேளச்சேரியில் பம்பை நிறுத்தி, தெருத் தண்ணீரையே சம்ப்புக்குள் திருப்பி விடச் சொன்னேன். பையன்கள் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தார்கள்.

சேற்றில் ப்ளீச்சிங் பவுடர்

பவுடரில் கிருமியைக் கொல்வது குளோரின்; சேறே அதைத் தின்றுவிடும். சேற்றை அள்ளிய பிறகு, தெளிந்த தண்ணீர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் புதுப் பவுடர். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பிரித்த மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்த பவுடரை நம்பாதீர்கள்.

வீட்டுக்குள் டீசல் பம்பு

கூடாது. புகை ஆளைக் கொல்லும்.

ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் ஒரே வாளியில்

குளோரின் வாயு கிளம்பும்.