மூன்று கடைக்கும் ஒரே அரக்கு நிறம் வேண்டுமா?

தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி என்று இரண்டு மூன்று கடை வைத்திருப்பவர்கள் முகூர்த்தப் பட்டு எடுக்கும்போது விலையை அப்புறம் பேசலாம். முதலில் சாயத்தைக் கேளுங்கள். ஒரு பாவில், அதாவது தறியில் நீளவாட்டில் ஒரு தடவை ஏற்றும் நூலில், சில சேலைகள்தான் வரும். அடுத்த பாவுக்கு நூலைத் தனியாகச் சாயம் போட்டால் நிறம் லேசாக மாறிவிடும். போன ஆவணியில் எங்களுக்கு வந்த அரக்குச் சேலைகளில் ஒரு கடைக்குப் போனது மட்டும் மாதுளை நிறத்தில் இருந்தது. பெண்வீட்டார் இரண்டு கடையிலும் பார்த்துவிட்டு, "எதுங்க ஒரிஜினல்?" என்று கேட்டார்கள். என்னத்தைச் சொல்ல!

அதனால் சேலை நெய்து தருபவர் மொத்த ஆர்டருக்கும் நூலை ஒரே தடவையில் சாயம் போட்டுத் தருவாரா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மாதிரிச் சேலையின் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி, நீங்களும் அவரும் ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டு அசலா என்று அறிய ஓர இழையைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகிக் கட்டியானால் பாலியஸ்டர். அசல் பட்டு என்பதற்கான சில்க் மார்க் சீட்டும் இருந்தால் நல்லது. ஜரிகை அசலா, டெஸ்டடா (வெள்ளிக்குப் பதில் செம்புக் கம்பியில் செய்தது) என்பதையும் பில்லில் போடச் சொல்லுங்கள்.

முதல் தடவை பத்துச் சேலை போதும். ஆவணி முகூர்த்தத்துக்கு என்றால் ஆடியிலேயே கைக்கு வர வேண்டும்.