ஈரக்காற்று ஊரில் எஸ்ஐஎஸ் ரப்பர்: ஆய்வகச் செய்முறை

கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரை மறுபடி உருக்க முடியாது. ஸ்டைரீன், ஐசோப்ரீன், ஸ்டைரீன் என்று மூன்று பிளாக்குகள், அதாவது ஒவ்வொன்றும் ஒரே அலகு திரும்பத் திரும்ப வரும் துண்டுகள், கோத்த பலபடி எஸ்ஐஎஸ். இந்த நீள்சங்கிலி மூலக்கூறை உருக்கலாம், அச்சில் வார்க்கலாம். ஆறியதும் அது திரும்ப ரப்பராகிவிடும். இரு முனையிலும் இருக்கும் பாலிஸ்டைரீன் தனியே திரண்டு கெட்டிப் புள்ளிகளாகி, நடுவில் இருக்கும் பாலிஐசோப்ரீனை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஏறக்குறைய 100 டிகிரிக்கு மேல் அந்தப் பிடி தளரும். பிளாக்குகளின் நீளத்தை நாமே தீர்மானித்துச் செய்ய எதிரயனிப் பலபடியாக்கம்தான், அதாவது எதிர்மின் முனையில் அலகுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சங்கிலி வளர்ப்பதுதான், நம்பகமான வழி. வளரும் முனை தானாகச் சாகாது, ஒன்று தீர்ந்ததும் அடுத்த ஒருபடியை (சங்கிலியின் அலகாகும் சிறு மூலக்கூறை) ஊற்றினால் அதே சங்கிலி தொடரும் என்பதை 1956-ல் மைக்கேல் ஸ்வார்க் காட்டினார். 1960-களின் நடுவில் ஷெல் நிறுவனம் இதே வகைப் பொருளைக் கிராட்டன் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது.

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் புகைப்பெட்டியும் (நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு) ஷ்லெங்க் லைனும் (வெற்றிடத்தையும் ஆர்கானையும் மாற்றி மாற்றித் தரும் குழாய் அமைப்பு) உள்ள எந்த ஆய்வகத்திலும் இதைச் செய்யலாம். நடுப் பிளாக்குக்கு ஐசோப்ரீனுக்குப் பதில் பியூட்டாடையீனும் உண்டு, ஆனால் அது −4 டிகிரியிலேயே கொதிக்கும் வாயு. அதற்குச் சிலிண்டரும் அழுத்தக் கலனும் தேவை. ஐசோப்ரீன் 34 டிகிரியில் கொதிக்கும் திரவம். முதலில் கற்றுக்கொள்பவர்களுக்கு ஐசோப்ரீனே நல்லது.

கணக்கு

மூன்று பிளாக்குகளின் மூலக்கூறு எடை இலக்கு 15,000–70,000–15,000. மொத்தம் 1,00,000. செய்யப்போவது 30 கிராம். சங்கிலியைத் தொடங்கிவைக்கும் தொடக்கியின் மோல் அளவு 30-ஐ 1,00,000-ஆல் வகுத்தால் கிடைக்கும்: 0.3 மில்லிமோல். 1.3 மோலார் செகண்டரி பியூட்டைல் லித்தியத்தில் அது 0.23 மி.லி. ஸ்டைரீன் இரண்டு தவணை, தவணைக்கு 4.5 கிராம், அதாவது 5 மி.லி. ஐசோப்ரீன் 21 கிராம், ஏறக்குறைய 31 மி.லி. கரைப்பான் சைக்ளோஹெக்சேன், 300 மி.லி.

நார்மல் பியூட்டைல் லித்தியம் மலிவு என்று அதை எடுக்காதீர்கள். சைக்ளோஹெக்சேனில் அது ஆறு மூலக்கூறுகள் சேர்ந்த கொத்தாக இருப்பதால் தொடக்கம் மெதுவாக நடக்கும். சில சங்கிலிகள் முன்னே ஓட, சில பின்தங்கி, நீளம் கலந்துவிடும்.

பாட்டிலில் அச்சிட்ட செறிவையும் நம்ப வேண்டாம். டைஃபீனைல்அசெட்டிக் அமிலம் 212 மி.கி. (1 மில்லிமோல்) எடுத்து, உலர்ந்த டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைத்து, மஞ்சள் நிறம் நிலைக்கும்வரை தொடக்கியைச் சொட்டுங்கள். செலவான மி.லி.யில் 1 மில்லிமோல் இருக்கிறது.

நீர்தான் எதிரி

0.3 மில்லிமோல் நீர் என்பது 5.4 மில்லிகிராம். அந்த ஒரு துளிக்கும் குறைவான நீர் உங்கள் தொடக்கி முழுவதையும் கொன்றுவிடும். 300 மி.லி. சைக்ளோஹெக்சேனில் அது பத்து லட்சத்தில் 23 பங்கு. உலர்த்தாத கரைப்பானில் இதைவிட அதிகமாகவே நீர் இருக்கலாம். காற்றின் கணக்கு இன்னும் மோசம். 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் டெல்டாவில் சாதாரணம். அந்தக் காற்றில் லிட்டருக்கு 24 மி.கி. நீர் உண்டு. ஒரு தம்ளர் அளவு காற்று, 225 மி.லி., உள்ளே போனால் நீரால் மட்டுமே எல்லாம் போயிற்று. அதோடு போகும் ஆக்சிஜன் தனிக்கணக்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முதல் முயற்சி வேண்டாம், பங்குனிக்குத் தள்ளிவையுங்கள்.

கண்ணாடிப் பொருள்களை இரவு முழுக்க 150 டிகிரி அடுப்பில் வைத்து, சூடாகவே பொருத்தி, வெற்றிடத்தில் ஹீட் கன்னால் மறுபடி சூடேற்றி, ஆர்கான் நிரப்புங்கள். மூன்று சுற்று. ஆர்கான் பலூன் இந்த வேலைக்கு ஆகாது. ரப்பர் பலூன் வழியே ஈரமும் ஆக்சிஜனும் ஊடுருவும். லைனிலிருந்து நேராக எடுங்கள்.

சைக்ளோஹெக்சேன்: கால்சியம் ஹைட்ரைடில் ஓரிரவு. பின் சிறிது 1,1-டைஃபீனைல்எத்திலீனும் செகண்டரி பியூட்டைல் லித்தியமும் சேர்த்து, சிவப்பு நிலைத்த பிறகு வடியுங்கள். சிவப்பு இருக்கும்வரை உள்ளே ஈரம் இல்லை என்று பொருள். இது 6.5 டிகிரியில் உறையும். கண்டென்சரில் ஐஸ் நீர் ஓடவிட்டால் உள்ளே கட்டியாகி அடைத்துக்கொள்ளும்.

ஸ்டைரீன்: கார அலுமினாவில் இறக்கித் தடுப்பானை நீக்குங்கள். உலர்த்தக் கால்சியம் ஹைட்ரைடு, அதன்பின் டைபியூட்டைல் மெக்னீசியம். குறைந்த அழுத்தத்தில் வடியுங்கள்.

ஐசோப்ரீனுக்கும் இதே வரிசைதான், ஆனால் எல்லாம் ஐஸில். பியூட்டைல் லித்தியம் கொண்டு உலர்த்தும் முறையும் உண்டு. குளிர் தவறினால் குடுவையிலேயே பலபடியாகிக் கொதித்தெழும். டைபியூட்டைல் மெக்னீசியம் அப்படித் தொடங்கிவைக்காது. சித்திரையில் மாடித்தொட்டி நீரே 34 டிகிரியைத் தாண்டும், அதைக் கண்டென்சரில் ஓடவிட்டால் ஐசோப்ரீன் குளிராது. ஐஸ் வாளியில் சிறு பம்பு போட்டு நீரைச் சுற்றவிடுங்கள். சிரிஞ்சையும் முன்பே குளிர்வியுங்கள். இல்லாவிட்டால் உள்ளேயே கொதித்து அளவு தவறும்.

மூன்று தவணை

அழுத்தம் தாங்கும் தடித்த கண்ணாடிக் கலனில் சைக்ளோஹெக்சேனும் முதல் ஸ்டைரீனும். 40 டிகிரி நீர்க்குளியல். முதலில் தொடக்கியைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் சில நிமிடம் பொறுங்கள். வெளிர்மஞ்சள் நிலைத்தால் மீதி அழுக்கு தீர்ந்தது. அப்போது 0.23 மி.லி.யை ஒரே அழுத்தில் செலுத்துங்கள். செம்மஞ்சள் வரவேண்டும். மஞ்சள் நிலைக்கவே 0.1 மி.லி.க்கு மேல் பிடித்தால் நிறுத்திவிட்டு, கரைப்பானைத் திரும்ப வடியுங்கள். மேலும் மேலும் தொடக்கி ஊற்றிச் சமாளித்தால் நீளக்கணக்கு கையை விட்டுப் போகும்.

நான்கு மணி நேரம் கழித்து 1 மி.லி. மாதிரி எடுத்து மெத்தனாலில் விட்டு வையுங்கள்.

ஐசோப்ரீனை மூன்று பங்காக விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளிவரும் வெப்பம் கரைசலை 45 டிகிரிக்கு மேல் கூடுதலாக ஏற்றிவிடக்கூடும், அழுத்தமும் ஏறும். செம்மஞ்சள் சட்டென்று வெளிறும். அது சாவு அல்ல, முனை ஐசோப்ரீனுக்கு மாறியதன் அடையாளம். 40 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள். மின்வெட்டில் கிளறி நிற்காதபடி யூபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் தவணையில்தான் பலர் தவறுகிறார்கள். ஐசோப்ரீன் முனை ஸ்டைரீனைத் தொடங்குவது மெதுவாக, தொடங்கிய ஸ்டைரீன் வளர்வது வேகமாக நடக்கும். அதனால் முனைப் பிளாக்குகள் ஏற்றத்தாழ்வாகும். தொடக்கம் வேகமெடுக்க, 30 டிகிரிக்கு இறக்கி, சோடியம்-பென்சோஃபீனோனில் உலர்த்திய டெட்ராஹைட்ரோஃபியூரான் கால் மி.லி. விட்டு, பிறகு ஸ்டைரீனைச் சேருங்கள். நிறம் மீண்டும் செம்மஞ்சளாகும். ஐசோப்ரீன் தீரும் முன் டெட்ராஹைட்ரோஃபியூரானை ஊற்றாதீர்கள். ஐசோப்ரீன் அலகுகள் 3, 4-ஆம் கார்பன்கள் வழியே கோக்கும் 3,4 இணைப்பு கூடி ரப்பரின் குளிர்தாங்கும் குணம் குறையும். இரண்டு மணி நேரம் போதும்.

காற்று நீக்கிய மெத்தனால் 1 மி.லி. விட்டால் நிறம் மறையும். பியூட்டைலேற்ற ஹைட்ராக்சி டொலுவீன் 0.15 கிராம் கலந்து, ஐந்து மடங்கு மெத்தனாலில் ஊற்றி வீழ்படிவாக்கி, வெற்றிடத்தில் 40 டிகிரியில் உலர்த்துங்கள். அந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பானைச் சேர்க்காவிட்டால் நம் வெயிலில் ஐசோப்ரீன் சங்கிலி அறுபட்டுப் பிசுபிசுக்கும்.

தொடக்கி காற்றுபட்டாலே பற்றிக்கொள்ளும். நைலான் சேலை, துப்பட்டா வேண்டாம். பருத்தி உடைமேல் தீத்தாங்கும் மேலங்கி அணியுங்கள். தனியாகச் செய்யாதீர்கள். பற்றினால் உலர்மணல், தண்ணீர் கூடாது, கார்பன் டைஆக்சைடு அணைப்பானும் கூடாது. சிரிஞ்சில் மிச்சமுள்ளதை ஹெப்டேன் கலந்த, ஐஸில் வைத்த ஐசோப்ரோப்பனாலில் மெல்ல விடுங்கள்.

ஜிபிசி வரைபடத்தைப் படிப்பது

ஜிபிசி என்பது சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரித்து மூலக்கூறு எடைப் பரவலைக் காட்டும் சோதனை. அதில் 15,000 பக்கம் ஒரு சிறு மேடு இருந்தால் முதல் பிளாக் ஐசோப்ரீனிலேயே செத்திருக்கிறது, ஐசோப்ரீன் சுத்தமில்லை. 85,000-ல் தோள் (பெரிய மேட்டின் பக்கத்தில் ஒட்டிய சிறு புடைப்பு) தெரிந்தால் இரண்டாம் ஸ்டைரீன் அல்லது டெட்ராஹைட்ரோஃபியூரான் ஈரம். இரு மடங்கில் தோள் வந்தால் மெத்தனாலில் ஆக்சிஜன் இருந்து சங்கிலிகள் இரண்டிரண்டாக ஒட்டியுள்ளன. மொத்த எடையே கூடினால் தொடக்கியில் ஒரு பகுதி வீணானது.

டொலுவீனில் 10 சதவீதக் கரைசலாக்கித் தட்டில் ஊற்றி மூடிவைத்து, ஒரு வாரம் மெல்ல ஆவியாகவிட்டால் படலம் கிடைக்கும். பல மடங்கு இழுத்துவிட்டால் திரும்பிச் சுருங்கவேண்டும். இழுத்ததும் அறுந்தால் முனைப் பிளாக் குட்டை, அல்லது இரண்டு பிளாக்கோடு நின்ற சங்கிலிகள் அதிகம்.