ஏற்காட்டுச் செடிகளில் இலை அடுக்கைக் கண்டறிவது எப்படி?

இலையைப் பார்க்கும் முன், அது தண்டில் முளைக்கும் இடமான கணுவைப் பாருங்கள். ஒரு கணுவில் ஓர் இலை என்றால் மாற்றிலை அமைவு: மிளகு, செம்பருத்தி. நேரெதிராக இரண்டு என்றால் எதிரிலை அமைவு: காபி, எருக்கு. அரளியில் பெரும்பாலும் மூன்று சுற்றி நிற்கும்.

செம்பருத்தியில் நேரான இளங்குச்சியாக எடுத்து, ஓர் இலைக்காம்படியில் நூலைக் கட்டி, அடுத்தடுத்த காம்படிகளைத் தொட்டபடி மேலே சுற்றுங்கள். இரண்டு சுற்று முடிகையில் ஆறாவது இலை முதல் இலைக்கு நேர் மேலே வரும். இலைக்கு இலை சுமார் 144 பாகை. கீழ் இலைக்கும் வெயில் கிடைக்கும்.

காபியில்தான் பலர் ஏமாறுவார்கள். நிமிர்ந்த தண்டில் ஒரு ஜோடி அடுத்த ஜோடிக்குக் குறுக்காக நிற்கும். பக்கக் கிளையிலோ இரு கணுக்களுக்கு நடுவிலுள்ள தண்டுப் பகுதியான கணுவிடை முறுக்கிக்கொண்டு எல்லா இலைகளும் ஒரே தளத்தில் விரியும். சில்வர் ஓக் நிழலில் வெளிச்சம் பிடிக்க அதுவே வசதி. அதனால் நடுத்தண்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வேம்பில் ஒரே காம்பில் வரிசையாக நிற்கும் சிற்றிலைகளைத் தனி இலைகளாக எண்ணிவிடாதீர்கள். மொட்டு முழு இலையின் காம்பு தண்டோடு சேரும் கோணத்தில்தான் இருக்கும், சிற்றிலையின் அடியில் இருக்காது.