கையில் இருக்கும் பணத்தை முதலில் நாட்களால் வகுத்துப் பாருங்கள்

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு எங்கள் வீட்டில் மூன்றரை வருடம் ஒரே ஒரு சம்பளம்தான் வந்தது, அதுவும் என்னுடைய சின்னச் சம்பளம். அப்பா, அம்மா, நான், தம்பி என்று நான்கு பேர் அதில்தான் ஓட்டினோம். அந்த மூன்றரை வருடத்தில் தப்பும் தவறுமாகச் செய்து கற்றுக்கொண்டதை இப்போது அதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். செலவைக் குறையுங்கள் என்று சொல்ல வரவில்லை. குறைக்க எதுவும் மிச்சமில்லாத வீட்டில் அந்த அறிவுரை வலிக்கத்தான் செய்யும். வரவு போதவில்லை என்பது ஒரு கஷ்டம். பணம் வரும் நாளும் கொடுக்க வேண்டிய நாளும் ஒத்துப்போகாதது வேறொரு கஷ்டம். முதலாவதை நினைத்தவுடன் சரிசெய்ய முடியாது, ஆனால் இரண்டாவதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யலாம், எங்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது அங்கேதான்.

சம்பளம் வந்த அன்றைக்கே ஒரு தாளை எடுத்து உட்காருங்கள். வாடகை, மருந்து, வேலைக்குப் போய்வர ஆகும் செலவு, கரண்ட், கட்டியே ஆக வேண்டிய தவணை, இவற்றை எடுத்து வைத்துவிட்டு மீதியை அடுத்த சம்பளம் வரை உள்ள நாட்களால் வகுங்கள். முப்பதால் வகுக்காதீர்கள், முப்பத்தைந்தால் வகுங்கள். சம்பளம் நான்கைந்து நாள் தள்ளிப்போகாத மாதம் எங்களுக்கு அபூர்வமாக இருந்தது, அந்த ஐந்து நாளில்தான் வட்டிக்கு வாங்குவோம், அந்த வட்டி அடுத்த மாதத்தையும் கடித்துவிடும். வகுத்து வரும் எண்ணைப் பார்த்தால் முதல் தடவை வயிற்றைப் பிசையும். நான் அந்தத் தாளை மடித்து அம்மா கண்ணில் படாமல் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவரிடம் காட்டியபோது அவர், “இதைத்தான்டா நான் தினமும் மனசுக்குள்ள போட்டுட்டு இருக்கேன், எழுதி வெச்சா நல்லதுதான்” என்றார். அப்புறம் பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்கள் ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று பென்சிலில் எழுதி, ஏழு ஏழு நாளுக்கான பணத்தைப் போட்டு ஒரு தகர டப்பாவில் வைத்தோம். பென்சிலில் எழுதியதற்குக் காரணம் உண்டு, அடுத்த மாதம் அழித்துவிட்டு அதே கவரில் எழுதலாம். ஒரு வாரத்துக் கவர் தீர்ந்துவிட்டால் அடுத்த கவரைத் தொடும் முன் இரண்டு பேர் பேசி முடிவெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். கவரைத் தொடவே கூடாது என்று சட்டம் போட்டிருந்தால் முதல் மாதமே உடைந்திருக்கும்.

யாருக்கு முதலில் கொடுப்பது என்பதில் நான் பெரிய தவறு செய்தேன். வாசலில் வந்து யார் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கொடுத்தேன். அக்கம்பக்கம் பார்க்கிறதே என்ற கூச்சம். ஒரு மாதம் அப்படிக் கொடுத்ததில் வேலைக்குப் போக பஸ் காசு இல்லாமல் இரண்டு நாள் வீட்டிலேயே இருந்தேன், அந்த இரண்டு நாள் சம்பளம் போனது, நான் கொடுத்த தவணையைவிட அது அதிகம். வரிசை இப்படி இருக்கட்டும்: தலைக்கு மேல் கூரை, நிறுத்தக் கூடாத மருந்து, சாப்பாடு, சம்பாதிக்கப் போவதற்கான செலவு. போன் ரீசார்ஜும் அதில் சேரும், கூப்பிட்டால் கிடைக்காத ஆளுக்கு வேலை கிடைக்காது. அதற்குப் பிறகுதான் கடன்காரர்கள். அவர்களுக்குள்ளும் சத்தத்தைப் பார்க்காதீர்கள், எந்த வட்டி வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள்.

கொடுக்க முடியாது என்று தெரிந்தால் தேதி வருவதற்கு முன்பே போய்ச் சொல்லிவிடுங்கள். கால் கூசும், தெரியும். வாடகை தர முடியாத முதல் மாதம் நான் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் பின்பக்கமாகப் போய்வந்தேன், அவர் கோபத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அளவுக்குப் போனது. இரண்டாவது தடவை ஒன்றாம் தேதியே நேரில் போய், “அண்ணே, இந்த மாசம் முழுசாத் தர முடியல, அஞ்சாம் தேதி பாதி, இருபதாம் தேதி மீதி தந்துடறேன்” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “முன்னாடியே சொன்னியே, அது போதும்ப்பா” என்றார். தேதியும் தொகையும் சொல்லிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் இறங்கி வருகிறார்கள், ‘சீக்கிரம் தந்துவிடுகிறேன்’ என்றால் யாரும் நம்புவதில்லை. ஒன்று மட்டும், உங்களால் முடிகிற தேதியைச் சொல்லுங்கள், அவர் கேட்க விரும்புகிற தேதியைச் சொல்லாதீர்கள்.

கடனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களை அதிகம் சாய்த்தது அதுதான். ஒருவர் 100 கடன் என்று எழுதிக்கொண்டு 10 பிடித்து 90 கையில் தருகிறார், வாரம் 10 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க பத்து சதவீத வட்டி மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த 90 பத்து வாரமும் உங்கள் கையில் இருப்பதில்லை, முதல் வாரத்திலிருந்தே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள், சராசரியாக உங்களிடம் இருப்பது அதில் பாதிதான். கணக்குப் போட்டால் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 2 சதவீதம், வருடத்துக்கு 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. மாதம் நூற்றுக்குப் பத்து என்று வாங்கி, கட்டாமல் விட்டு, வட்டிக்கு வட்டி ஏறினால் ஒரே வருடத்தில் 100 என்பது கிட்டத்தட்ட 314 ஆகிவிடும். இதைத் தெரிந்துகொண்டாலும் வாங்காமல் இருக்க முடியாத நாட்கள் வரும், எங்களுக்கும் வந்தன. அப்போதும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கையில் எவ்வளவு வரும், மொத்தம் எவ்வளவு போகும், எத்தனை நாளில். மூன்றையும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டும்போதெல்லாம் ரசீது, ரசீது தராதவராக இருந்தால் ஒரு நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து. கிரெடிட் கார்டில் மினிமம் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும், அசல் அசையாது.

அடகு வைப்பதானால் வீட்டில் சும்மா இருக்கும் பொருளை வையுங்கள். நாங்கள் அம்மாவின் தையல் மெஷினை வைத்தோம். அப்போதைக்கு அதுதான் விலை போகும் பொருளாக இருந்தது. அதில்தான் அவர் அக்கம்பக்கத்துத் துணிகளைத் தைத்து வாரம் ஏதோ கொண்டு வந்துகொண்டிருந்தார், மெஷின் போனதும் அந்த வரவும் நின்றது, வரவு நின்றதால் மீட்கவும் முடியவில்லை, கடைசியில் மூழ்கிப்போனது. மெஷின் இருந்த இடத்தில் தரையில் நான்கு கால் தடம் மட்டும் ரொம்ப நாள் இருந்தது. அம்மா அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவிடவில்லை. சம்பாதித்துத் தரும் பொருளைத் தயவுசெய்து கடைசி வரை தொடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பணம் குறையும்போது முதலில் குறைவது அம்மாக்களின் தட்டுதான். எங்கள் வீட்டில் இது எனக்குத் தெரிய எட்டு மாதம் ஆனது. “நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிடறேன்” என்பார், நாங்களும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவோம். ஒரு நாள் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனபோது அவர் பாத்திரத்தின் அடியில் ஒட்டியதில் தண்ணீர் ஊற்றி, கரண்டியால் சுரண்டிக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பாத்திரத்தைக் கழுவுவது மாதிரி திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து சமைத்ததும் முதலில் நான்கு தட்டிலும் பிரித்து வைத்துவிட்டுத்தான் யாராக இருந்தாலும் உட்கார வேண்டும் என்று ஆக்கினோம். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். போதவில்லை என்றால் நான்கு பேருக்கும் போதாமல் இருக்கட்டும்.

மற்றபடி, காய்ந்த பயறும் பருப்பும்தான் குறைந்த பணத்தில் அதிகப் புரதம் தருபவை. இரவே ஊறப்போட்டால் சீக்கிரம் வேகும், மூடி போட்டு வேகவைத்தால் எரிபொருள் நன்றாக மிச்சமாகும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காமல் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைக்க முடிந்தால் வையுங்கள், ஃபிரிட்ஜ் இல்லையென்றால் அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் சமையுங்கள். கெட்டதைச் சாப்பிட்டு ஒருவர் படுத்துவிட்டால் மிச்சம் பிடித்தது எல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

கரண்டில் சூடாக்கும் சாமான்களை மட்டும் கவனித்தால் போதும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரத்தில் இழுக்கும் ஒரு யூனிட்டில் 50 வாட் ஃபேன் இருபது மணி நேரம் ஓடும். ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வையில் தூங்காமல் கிடக்க வேண்டாம், மறுநாள் வேலைக்குப் போக வேண்டும்.

உடம்பு விஷயத்தில் தள்ளிப்போடுவதுதான் அதிகச் செலவு. என் பல்வலியை ஐந்து மாதம் தள்ளிப்போட்டேன், அடைத்தால் போதும் என்றிருந்த பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று, முகம் வீங்கி நான்கு நாள் வேலையும் போனது. டாக்டரிடம் வெட்கப்படாமல் “விலை குறைந்த மருந்தாக எழுதுங்கள்” என்று கேளுங்கள், ஜெனரிக் மருந்தில் அதே மூலப்பொருள்தான் இருக்கும். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அளவு முக்கியம், உப்பு கூடக் கூடாது. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இன்னொன்று, பணமில்லாதபோது மூளை சரியாக ஓடாது, அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்பு கை வறண்டிருக்கும்போது ஒரு முறை, அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு ஒரு முறை என்று யோசிக்கும் திறனைச் சோதித்த ஆய்வு ஒன்று 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. அதே ஆட்கள்தான், பணம் வருவதற்கு முன்பு அவர்கள் செய்தது மோசமாக இருந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: மாதக் கடைசியில் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை, புதிதாகக் கடன் பேசுவதில்லை, வேலையை விடுகிறேன் என்று சொல்வதில்லை. எல்லாவற்றையும் சம்பளம் வந்த மூன்றாம் நாளுக்குத் தள்ளிவிடுவேன். ஜாமீன் கையெழுத்துக்கு மட்டும் எந்த நாளிலும் முடியாது என்றுதான் சொன்னேன், நெருங்கியவர்கள் இரண்டு பேர் பேசாமல் போனார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனாலும் மறுபடி கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

உதவித்தொகை, கட்டணச் சலுகை என்று எதற்காவது தகுதி இருந்தால் விண்ணப்பம் போடுங்கள். அது பிச்சை இல்லை. எல்லாச் சான்றிதழையும் ஐந்தைந்து நகல் எடுத்து ஒரே பையில் வைத்திருங்கள், கொடுத்த விண்ணப்பத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எங்களுக்கு முதல் தடவை மறுத்தார்கள், இரண்டாம் தடவை கிடைத்தது.

வீட்டில் சின்னவர்கள் இருந்தால் மறைக்காதீர்கள், அவர்களுக்கு எப்படியும் தெரியும். தம்பி பள்ளிச் சுற்றுலாவுக்குக் கேட்டபோது நான் முதலில் “பார்க்கலாம்” என்றேன். அவன் தினமும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றினான். நான்காம் நாள் டப்பாவைத் திறந்து அவன் முன்னால் கவர்களை வைத்து, எதில் எவ்வளவு இருக்கிறது, எது எதற்கு என்று காட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிப் பார்த்தான். “அப்போ இந்த வருஷம் முடியாது, இல்லண்ணா?” என்றான். முடியாது என்றேன். கவர்களைத் தேதி வாரியாக அடுக்கி டப்பாவை அவனே மூடி வைத்தான். அடுத்த மாதத்திலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு தேதி எழுத அவன்தான் உட்கார்ந்தான்.