ஹீரோ மாறினால் மொக்கையா? இரண்டாம் பாகச் சண்டைப் படங்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஹீரோ வேற ஆளாமே? அப்ப டம்மி பீசுதான் நைனா." வியாசர்பாடி ஜிம் வாசலிலோ கொருக்குப்பேட்டை டீக்கடையிலோ, கம்மி செலவில் எடுத்த கராத்தே படத்தின் இரண்டாம் பாகம் என்று பேச்சு வந்தால் முதலில் வந்து விழுகிற தீர்ப்பு இது. படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாலாவது பரவாயில்லை, போஸ்டரைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். சண்டையைப் பற்றிப் பேச நம்ம ஏரியா ஆட்களுக்குத் தகுதி இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ரிங்கில் நடக்கிற சண்டைக்கும் கேமராவுக்கு முன்னால் போடுகிற சண்டைக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தைப் பார்க்காமல் பேசும்போதுதான் கருத்து சொதப்புகிறது.

முதலில் இந்த ஹீரோ விஷயம். முதல் பாகம் ஓடிவிட்டால் அதில் நடித்தவரின் சம்பளம் ஏறிவிடும், சில சமயம் அடுத்த பாகத்துக்கு ஒதுக்கிய மொத்தப் பணத்தையே அது தாண்டிவிடும். தயாரிப்பாளர் கையில் மிச்சம் இருப்பது படத்தின் பெயர் மட்டும்தான். பெயரை வைத்து வீடியோ மார்க்கெட்டில் விற்றுவிடலாம், ஆளைப் புதிதாகப் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் கணக்கு. இந்தக் கணக்கில் மோசமான படமும் வந்திருக்கிறது, முதல் பாகத்தையே தூக்கிச் சாப்பிட்ட படமும் வந்திருக்கிறது.

1989ல் வந்த 'கிக்பாக்ஸர்' அதன் ஹீரோ வான் டாமை ஊரெல்லாம் கொண்டு போய்ச் சேர்த்தது. 1991ல் இரண்டாம் பாகம் வந்தபோது அவர் இல்லை. அவருடைய பாத்திரத்தை முதல் பாகத்து வில்லன் டாங் போ கொன்றுவிட்டான் என்று கதையில் சொல்லிவிட்டு, சாஷா மிட்செல்லை இன்னொரு தம்பியாக இறக்கினார்கள். முதல் பாகத்தில் நாம் விசிலடித்த அந்த ஜெயிப்பை ரெண்டு நிமிஷத்தில் குப்பையில் போட்ட மாதிரி இருந்தது. இதைத் திட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

ஆனால் 'அன்டிஸ்ப்யூட்டட்' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 2002ல் வால்டர் ஹில் இயக்கிய முதல் பாகத்தில் வெஸ்லி ஸ்னைப்ஸும் விங் ரேம்ஸும் நடித்தார்கள், ஜெயிலுக்குள் நடக்கும் குத்துச்சண்டைக் கதை. 2006ல் ஐசக் ஃப்ளோரன்டைன் எடுத்த இரண்டாம் பாகத்தில் அந்த ரெண்டு பேருமே கிடையாது. விங் ரேம்ஸ் நடித்த ஐஸ்மேன் பாத்திரத்தில் மைக்கேல் ஜெய் வைட் வருகிறார். எதிரில் ரஷ்ய ஜெயிலின் சாம்பியனாக, பாய்கா என்ற பெயரில் ஸ்காட் அட்கின்ஸ். வில்லனாக வந்த பாய்கா மொத்தப் படத்தையும் கொத்திக்கொண்டு போய்விட்டார். 2010ல் வந்த மூன்றாம் பாகத்துக்கு அவர்தான் ஹீரோ, 2016ல் வந்த நாலாம் பாகத்தின் தலைப்பிலேயே அவர் பெயர் ஏறிவிட்டது. முதல் பாகத்தைப் பார்க்காமலே பாய்காவை ரசிக்கிறவர்கள் நம்ம தெருவிலேயே இருக்கிறார்கள், அப்படி ஒரு பாகம் இருப்பதே தெரியாதவர்களும் இருக்கிறார்கள். ஆள் மாறியது குறை என்றால் இந்த வரிசையே இருந்திருக்காது.

அடுத்தது பட்ஜெட். இதில் ரெண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டி, "இன்னாபா, படம் முழுக்க ஒரே ஜெயிலுக்குள்ளயே சுத்திச் சுத்தி வர்றான், காசு இல்லாத கம்பெனி போல" என்று கிண்டல் அடிக்கும். ஆமாம், காசு இல்லைதான். அதனால்தான் பல்கேரியாவில் ஷூட்டிங் வைத்து ரஷ்யா என்று காட்டுகிறார்கள், நாலு சுவர், ஒரு ரிங், சுற்றி நின்று கத்துகிற கொஞ்சம் ஆட்கள். ஆனால் அந்த ஒரே இடம் என்பது கஞ்சத்தனம் மட்டும் இல்லை. இடம் மாற்றாமல் இருந்தால் லாரி, லைட்டு, செட்டு என்று ஓடுகிற செலவும் நேரமும் மிச்சம், மிச்சமான நேரத்தைச் சண்டைக்குக் கொடுக்கலாம். சண்டைக் காட்சிக்குப் பணத்தைவிட நாள்தான் முக்கியம். ஒரு உதையைச் சரியாக எடுக்க எத்தனை டேக் போகும், அடி படாமல் எத்தனை தடவை விழ முடியும் என்று ஏதாவது ஸ்டண்ட் கலைஞரைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

இந்தோனேசியாவில் கரெத் எவன்ஸ் எடுத்த 'தி ரெய்டு' ஏறக்குறைய முழுக்க ஒரே கட்டடம்தான், செலவு சுமார் 11 லட்சம் டாலர் என்கிறார்கள். 2014ல் வந்த இரண்டாம் பாகத்துக்குச் சுமார் 45 லட்சம். கதை கட்டடத்தை விட்டு நகரம் முழுக்கப் பரவியது, படமும் ரெண்டரை மணி நேரமானது. பணம் கூடினதும் கார் துரத்தல் வந்தது, ஜெயில் சேற்றுச் சண்டை வந்தது, கதையும் நீண்டது. "முதல் பாகத்து வேகம் இல்லை" என்று சொல்வது நியாயமான கருத்துதான், ஆனால் இதற்கும் பட்ஜெட் கம்மி என்று சொல்லித் தப்பிக்க முடியாது பாருங்கள். என்னைக் கேட்டால் கடைசியில் வருகிற அந்தச் சமையலறைச் சண்டைக்காக நடுவில் இழுத்ததை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கோஷ்டி இதைவிட மோசம். "சின்னப் படம், பாவம், அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்று எல்லாவற்றையும் மன்னித்துவிடும். மன்னிக்க வேண்டியது செட்டு, கூட்டம், கிராபிக்ஸ். மன்னிக்கக்கூடாதது சண்டையை ஒழுங்காக எடுக்காமல் அரை வினாடிக்கு ஒருதரம் வெட்டி வெட்டிக் காட்டுவது, முதல் பாகத்துக் காட்சிகளைத் திரும்பத் திரும்ப பிளாஷ்பேக்காகப் போட்டு நேரத்தை ஓட்டுவது, ஹீரோ பயிற்சி எடுக்கிறார் என்று ஒரு பாட்டு நீளத்துக்கு ஜவ்வாக இழுப்பது. இதற்கெல்லாம் காசு தேவையில்லை, கவனம்தான் தேவை. சின்னப் படம் என்பதால் தட்டிக் கொடுப்பது அந்தப் படத்தில் உயிரைக் கொடுத்து விழுந்து எழுந்தவர்களுக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

இப்போது நம்ம ஊருக்கே உரிய தவறுக்கு வருகிறேன். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரை பிரித்துப் பேசுகிற ஊர் இது. வட சென்னையில் பாக்சிங் தெரியாத வீட்டிலும் பாக்சிங் பார்த்த பெரியவர் ஒருவர் இருப்பார், அவர் வழியாகப் பேரனுக்கும் ஒரு கண் வந்திருக்கும். அந்தக் கண் திரையைப் பார்த்ததும் கேள்வி கேட்கிறது: முகத்தைக் காக்கிற கை, அந்தக் கார்டு எங்கே? கையைக் கீழே விட்டுவிட்டு முதுகைக் காட்டிச் சுற்றிச் சுற்றி உதைக்கிறானே, ரிங்கில் இப்படிச் செய்தால் அரை ரவுண்டில் படுக்க வைத்துவிடுவார்களே? சரியான கேள்விதான். ஆனால் அது ரிங்கில் கேட்க வேண்டிய கேள்வி. ரிங்கில் அடி எதிராளிக்குத் தெரியக்கூடாது, திரையில் அடி பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும், அதனால்தான் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு சுற்றி அடிக்கிறார்கள். 'நிஜத்தில் இப்படி அடிக்க முடியாது' என்று நிறுத்திக்கொண்டால் அது படத்தைப் பற்றிய கருத்தே ஆகாது.

அப்போ அந்தக் கண்ணை வைத்து என்னதான் பார்ப்பது? காலைப் பாருங்கள். ஆள் முழுசாக, தலை முதல் பாதம் வரை ஃபிரேமுக்குள் தெரிகிறாரா, உதைக்கும் முன் எடை எந்தக் காலுக்கு மாறுகிறது, உதைத்த பிறகு அதே ஷாட்டில் தரையில் இறங்குகிறாரா அல்லது நடுவில் வெட்டிவிட்டார்களா? வெட்டியிருந்தால் பெரும்பாலும் அங்கே டூப் இருக்கிறார், அல்லது நடிகருக்கு வரவில்லை. பாய்கா படங்களில் கேமரா பின்வாங்கி நின்று மூன்று நாலு அடியை ஒரே ஷாட்டில் விடுவதற்குக் காரணம், உதைக்கிறவருக்கு நிஜமாகவே உதைக்கத் தெரியும் என்பதுதான். கோடிகளில் புரளும் பெரிய படங்களில் நட்சத்திரத்துக்குச் சண்டை வராததை மறைக்க வெட்டுவார்கள், இங்கே மறைக்க ஒன்றும் இல்லை.

அடி வாங்குகிறவரையும் பாருங்கள். இதை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு ரொம்ப நாளாகவே வருத்தம். குத்துக்கு வலு கொடுப்பது குத்துகிற கை இல்லை, அதை வாங்கிச் சரியாக அரை நொடியில் கழுத்தைத் திருப்பி, உடம்பை முறுக்கி, சிமென்ட் தரையில் போய் விழுகிற ஆள். அவர் ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் எவ்வளவு பெரிய ஹீரோ அடித்தாலும் புஸ்ஸென்று போய்விடும்.

அப்புறம், சண்டைக்குள்ளே கதை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "கதையே இல்லப்பா, சும்மா அடிச்சிக்கிறானுங்க" என்பது இந்தப் படங்களைப் பற்றி அதிகம் கேட்கிற விமர்சனம். வசனத்தில் கதை இல்லை என்பது உண்மை. ஆனால் இரண்டாம் பாகத்தின் கடைசிச் சண்டையில் ஐஸ்மேன் பாய்காவின் காலை முறித்துவிடுகிறார் (படம் வந்து இவ்வளவு வருஷம் ஆச்சு, சொன்னால் தப்பில்லை). மூன்றாம் பாகம் தொடங்கும்போது அதே பாய்கா நொண்டிக்கொண்டு ஜெயிலில் வேலை செய்கிறார். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு சண்டையிலும் அந்த முட்டி தாங்குமா தாங்காதா என்பதுதான் கதை, எதிராளியும் தேடித் தேடி அங்கேயே அடிக்கிறார். யாரும் உட்கார்ந்து வசனம் பேசி விளக்க வேண்டியதில்லை. ஜிம்முக்குப் போகிற, ஒரு தடவையாவது முட்டி பிடித்துக்கொண்ட ஆளுக்கு இது மற்றவர்களைவிட நன்றாகவே புரியும்.

எல்லாவற்றையும் 'கராத்தே' என்று ஒரே பெயரில் அடக்கிவிடுவதும் இதோடு சேர்ந்த தவறுதான். மூன்றாம் பாகத்தில் லதீஃப் க்ரவுடர் ஆடுவது பிரேசில் நாட்டுக் கபோயேரா. கையைத் தரையில் ஊன்றிக் காலால் வீசுகிற கலை. 'ரெய்டு' படத்தில் இக்கோ உவைஸ் காட்டுவது இந்தோனேசியச் சிலாட். ரெண்டும் வேற வேற கலை, ஒன்றின் அளவுகோலை வைத்து இன்னொன்றை அளந்தால் ரெண்டையும் ரசிக்க முடியாது. புரூஸ் லீ மாதிரி இல்லை என்று எல்லாரையும் ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்களுக்கும் இதேதான் பதில்.

டப்பிங்கை வைத்து நடிப்பைத் தீர்மானிப்பதை விட்டுவிடலாம். பாய்காவின் அந்தக் கரகரத்த ரஷ்ய உச்சரிப்பு ஓர் ஆங்கிலேய நடிகர் பார்த்துப் பார்த்துச் செய்தது, தமிழ் டப்பிங்கில் அதற்கு வழியே இல்லை. பாரிமுனை பக்கம் பர்மா பஜாரில் சிடி வாங்கிப் பார்த்த காலத்தில் மங்கலான பிரதியைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவு மோசம் என்றார்கள், இன்றைக்கு போனில் அரை நிமிஷத் துண்டைப் பார்த்துவிட்டுப் படமே அவ்வளவுதான் என்கிறார்கள்.

'வீடியோப் படத்து நடிகர்' என்று இளக்காரமாகச் சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். 'அன்டிஸ்ப்யூட்டட்' மூன்றாம் பாகத்தின் கடைசிச் சண்டையில் மோதுகிற ஸ்காட் அட்கின்ஸ், சிலி நாட்டு மார்கோ ஸரோர் ரெண்டு பேருமே 2023ல் வந்த 'ஜான் விக்' நாலாம் பாகத்தில் இருக்கிறார்கள். பெரிய படத்துக்காரர்கள் ஆள் தேடி வந்தது இந்தச் சின்னப் படங்களுக்குத்தான்.

'அன்டிஸ்ப்யூட்டட்' வரிசையை எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், முதல் பாகத்தை விட்டுவிடலாம், கதை புரியாமல் போகாது. இரண்டில் தொடங்கி மூன்றுக்குப் போங்கள். மூன்றுதான் வரிசையிலேயே உச்சம் என்பது என் கட்சி, இரண்டுதான் என்று அடித்துச் சொல்கிற ஒரு கூட்டம் ராயபுரத்தில் இருக்கிறது, அவர்களும் காரணத்தோடுதான் பேசுகிறார்கள், மைக்கேல் ஜெய் வைட்டின் குத்து வேகம் அப்படி. நாலாவதைப் பொறுமை இருந்தால் பாருங்கள்.