சீனச் சாயலில் ஆங்கிலேயக் கேமியோ கண்ணாடி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரும்பு விட்ட பிளம் கிளையைச் செதுக்கிய கண்ணாடிக் குடுவை கிடைத்தால், அது சீனாவில் செய்தது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் வட்டாரத்தில் தாமஸ் வெப் அண்ட் சன்ஸ் போன்ற நிறுவனங்கள் சீன, ஜப்பானிய அலங்காரங்களைப் பார்த்துப் பல கேமியோ குடுவைகளைச் செய்தன. பொதுவாக ஒரு நிறக் கண்ணாடிமீது வேறு நிறக் கண்ணாடியைப் போர்த்தி, மேலடுக்கைச் செதுக்கி உருவம் எடுப்பதே கேமியோ.

உருவத்தை வைத்து நாட்டைச் சொல்ல முடியாது. வெள்ளை அடுக்கை வைத்து ஓரளவு சொல்லலாம். சிங் அரசமரபுக் காலச் சீனக் கண்ணாடியில் வெள்ளை உடல்மீது சிவப்போ நீலமோ படிந்திருப்பதே அதிகம். ஜேடு எனும் பச்சைக்கல்லைக் கடைவதுபோல் சக்கரத்தால் கடைந்ததால் உருவத்தின் விளிம்பு செங்குத்தாக நிற்கும். ஆங்கிலேயர் பெரும்பாலும் நிறக் கண்ணாடிமீது வெள்ளையைப் போர்த்தினார்கள். வேண்டாத வெள்ளையை ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தால் அரித்து, மிச்சத்தைக் கையாலும் சக்கரத்தாலும் செதுக்கினார்கள். பண்டைய ரோமானியக் கேமியோ குடுவையான போர்ட்லேண்ட் குடுவையின் நகலை 1876இல் முடித்த ஜான் நார்த்வுட் வளர்த்தெடுத்த வழி இது. இதழோரத்தில் வெள்ளை மெலிய மெலிய அடிநிறம் கசிந்து நிழலாகத் தெரியும். வெப் நிறுவனத்தின் செதுக்குக் கலைஞர் ஜார்ஜ் வுடாலின் வேலையில் இந்த நிழல்தான் அழகு. அதைப் பார்க்காமல் விலை பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு வியப்புதான்.

எனாமலில் வரைந்த போலியைச் செதுக்கு வேலை என்று நம்புவதும் சகஜம். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து உருப்பெருக்கியில் பாருங்கள். தூரிகைத் தடம் தெரிந்தால், வெள்ளை மேலே பூசியது.

முத்திரை இல்லை என்று ஒதுக்குவதும், இருக்கிறது என்று மயங்குவதும் சமமான தவறுகள். முத்திரையிடாத நல்ல வேலைகள் ஏராளம். முத்திரையைப் பின்னால் பொறிக்கவும் முடியும்.

பணத்தை அதிகம் தின்னும் தவறு வேறொன்று. வெப் நிறுவனம் பழைய தந்தச் செதுக்கலைப் போலத் தோன்றும் ‘ஐவரி’ கேமியோவையும் செய்தது. இதில் இரண்டு நிற அடுக்குகள் கிடையாது. தந்த நிறக் கண்ணாடியின் பள்ளங்களில் பழுப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள். சீனச் சாயல் மிக நெருக்கமாகத் தெரிவதும் இந்த வகையில்தான். பழுப்பைப் பழைய அழுக்கு என்று நினைத்துத் தேய்த்து எடுத்தால் வேலைப்பாடே மங்கிவிடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். எந்தக் கேமியோவுக்கும் சுடுநீர் வேண்டவே வேண்டாம்: கண்ணாடி, அதிலும் அடுக்குக் கண்ணாடி, திடீர் வெப்பத்தில் விரிசல் விடக்கூடும்.