ஜாவாஸ்கிரிப்டில் ஐஃப்ரேம்: கையாள்வதும் பழுது பார்ப்பதும்

ஐஃப்ரேம் (iframe) எலிமென்ட்டால் ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தை வைத்த கணமே அங்கே இரண்டு விண்டோக்கள் வந்துவிடுகின்றன. டாக்குமென்ட் இரண்டு, குளோபல் மாறிகள் இரண்டு தொகுப்பு, லோடாகி முடியும் நேரமும் இரண்டு. ஃப்ரேம் தொடர்பான பிழைகளில் பெரும்பாலானவை மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும். கோடு (code) இப்போது எந்த விண்டோவில் ஓடுகிறது? தொட நினைக்கும் பக்கம் வந்து சேர்ந்துவிட்டதா? இரண்டு பக்கமும் ஒரே ஆரிஜினா, அதாவது ஒரே மூலத் தளத்திலிருந்து வந்தவையா? இவற்றுக்கு விடை தெரியாமல் கோடில் கைவைத்தால் ஒன்றைச் சரிசெய்யப்போய் இன்னொன்று உடையும்.

1997-இல் வந்த எச்டிஎம்எல் 4, ஃப்ரேம்செட் (திரையைப் பல ஃப்ரேம்களாகப் பிரிக்கும் பழைய முறை), ஐஃப்ரேம் இரண்டையுமே ஏற்றுக்கொண்டது. எச்டிஎம்எல் 5 ஃப்ரேம்செட்டைக் கைவிட்டு ஐஃப்ரேமை மட்டும் வைத்துக்கொண்டது. பழைய ஃப்ரேம்செட் பக்கங்களைப் பராமரிப்பவர்களுக்கும் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும். புதிதாக எழுதுகிறவர்கள் ஐஃப்ரேமையே பயன்படுத்துங்கள்.

எந்த விண்டோ?

ஐடியைக் கொடுத்து எடுத்தால் கையில் கிடைப்பது ஐஃப்ரேம் எலிமென்ட். அகலம், உயரம், எஸ்ஆர்சி (src, காட்ட வேண்டிய பக்கத்தின் முகவரி) எல்லாம் அதில்தான் இருக்கும். உள்ளே இருக்கும் விண்டோ வேண்டுமென்றால் அந்த எலிமென்ட்டின் கன்டென்ட்விண்டோவையும், டாக்குமென்ட் வேண்டுமென்றால் கன்டென்ட்டாக்குமென்டையும் எடுக்க வேண்டும். ஆனால் விண்டோ.ஃப்ரேம்ஸ் வழியாக எண்ணையோ பெயரையோ கொடுத்து எடுத்தால் எலிமென்ட் வராது, நேரடியாக விண்டோவே வரும். இந்த வேறுபாட்டில்தான் பலர் வழுக்குகிறார்கள். விண்டோவைக் கையில் வைத்துக்கொண்டு அதன் எஸ்ஆர்சியை மாற்றினால், ஒரே ஆரிஜினாக இருக்கும்பட்சத்தில், பிழைச்செய்தி எதுவும் வராது. அந்த விண்டோவில் எஸ்ஆர்சி என்ற பெயரில் ஒரு புதிய மாறி உருவாகும், பக்கம் அசையாமல் அப்படியே நிற்கும். எலிமென்ட் என்றால் எஸ்ஆர்சி, விண்டோ என்றால் லொகேஷன்.

உள்ளிருந்து மேலே போக பேரன்ட், ஒரேயடியாக உச்சிக்குப் போக டாப். ஃப்ரேமுக்குள் ஃப்ரேம் இருந்தால் இரண்டும் வேறு வேறு. தாய்ப் பக்கத்தில் உள்ள ஃபங்ஷனை உள்பக்கத்திலிருந்து பேரன்ட் என்று முன்னொட்டுப் போட்டுத்தான் கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட்டும் 'அப்படி ஒன்று இல்லை' என்று பிழை வந்தால், அதை எப்படி அறிவித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வார் (var) கொண்டும் ஃபங்ஷன் என்ற சொல்லோடும் மேல்மட்டத்தில் அறிவித்தவை விண்டோவில் ஒட்டிக்கொள்ளும். லெட், கான்ஸ்ட் கொண்டு அறிவித்தவை ஒட்டாது. மாட்யூலுக்குள் எழுதியது எதுவுமே வெளியே தெரியாது. பழைய பக்கத்தைப் புதிய பாணிக்கு மாற்றிய மறுநாளே ஃப்ரேம்கள் பேசிக்கொள்வது நின்றுபோவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். வெளியே தெரிய வேண்டியதை விண்டோவின் கீழ் நீங்களே கையால் வைத்துவிடுங்கள்.

ஃப்ரேமுக்குப் பெயர் வைக்கும்போது டாப், பேரன்ட், ஸ்டேட்டஸ் போல விண்டோவில் ஏற்கெனவே உள்ள பெயர்களை வைக்காதீர்கள். அந்தப் பெயரில் தேடினால் உங்கள் ஃப்ரேம் வராது, பிரவுசரின் சொந்தப் பொருள்தான் வரும். லிங்க் எந்த ஃப்ரேமில் திறக்க வேண்டும் என்று சொல்லும் டார்கெட்டில் ஒரு எழுத்து பிசகினாலும் பிரவுசர் அதைப் புதிய பெயராக எடுத்துக்கொண்டு புதிய டேப் திறக்கும். டார்கெட்டில் டாப் என்று எழுதும்போது முன்னால் அடிக்கோடு விட்டுப்போனாலும் இதே கதிதான். ஒரே கிளிக்கில் இரண்டு ஃப்ரேம்களை மாற்ற டார்கெட்டால் முடியாது. தாய்ப் பக்கத்தில் ஒரு ஃபங்ஷன் எழுதி, அதில் இரண்டு ஃப்ரேம்களின் லொகேஷனையும் மாற்றுங்கள்.

ஒரு ஃப்ரேமில் உருவான அர்ரே, இன்னொரு ஃப்ரேமின் இன்ஸ்டன்ஸ்ஆஃப் (எந்த கன்ஸ்ட்ரக்டரில் உருவானது என்று பார்க்கும்) சோதனையில் தோற்கும், ஏனென்றால் ஒவ்வொரு விண்டோவுக்கும் தனி அர்ரே கன்ஸ்ட்ரக்டர் உண்டு. அர்ரே.இஸ்அர்ரே கொண்டு சோதியுங்கள்.

பழுது பார்க்கும்போது டெவலப்பர் டூல்ஸ் கன்சோலின் மேலே டாப் என்று காட்டும் சிறு பட்டியலைத் திறந்து, சரியான ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்த பிறகே தட்டச்சு செய்யுங்கள். இதைச் செய்யாமல் 'மாறி காணவில்லை' என்று தேடும் நேரம் முழுக்க வீண்.

வந்து சேர்ந்ததா?

ஐஃப்ரேமைப் பக்கத்தில் சேர்த்த உடனே அதன் உள்ளே இருப்பது நீங்கள் கேட்ட பக்கம் அல்ல, அபவுட்:பிளாங்க் என்ற வெற்று டாக்குமென்ட். உண்மையான பக்கம் வந்ததும் அது தூக்கி எறியப்படும். அந்த இடைவெளியில் உள் டாக்குமென்ட்டில் நீங்கள் மாட்டிய கிளிக் ஹேண்ட்லர்கள், சேர்த்த ஸ்டைல்கள் எல்லாம் அதோடு சேர்ந்து போய்விடும். ஒருமுறை வேலை செய்து மறுமுறை செய்யாத கோடு என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். சரியான வரிசை இது: எலிமென்ட்டை உருவாக்குங்கள், லோட் (பக்கம் வந்து முடிந்ததும் எழும் நிகழ்வு) ஹேண்ட்லரை மாட்டுங்கள், எஸ்ஆர்சியைக் கொடுங்கள், அதற்குப் பிறகு பக்கத்தில் சேருங்கள். உள்ளே பயனர் லிங்கை அழுத்தி வேறு பக்கம் போனாலும் லோட் மறுபடி ஓடும். ஆகவே அதற்குள் எழுதும் கோடு திரும்பத் திரும்ப ஓடினாலும் கெடாதபடி இருக்க வேண்டும்.

லோட் ஓடியது என்பதால் பக்கம் நல்லபடியாக வந்தது என்று அர்த்தமில்லை. சர்வர் 404 கொடுத்தாலும் லோட் ஓடும். எரர் நிகழ்வை நம்பி எழுதியவர்கள் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான், ஐஃப்ரேமில் பக்கம் வராமல்போனால் அது ஓடாது. உங்கள் சொந்த ஆரிஜின் பக்கமென்றால், லோட் ஓடியதும் கன்டென்ட்டாக்குமென்ட் நல் (null, வெறுமை) ஆக இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்து, நீங்கள் எதிர்பார்க்கும் ஒரு எலிமென்ட் உள்ளே இருக்கிறதா என்று தேடுங்கள். வேற்று ஆரிஜின் என்றால், 'தயார்' என்று உள்பக்கம் ஒரு செய்தி அனுப்பட்டும். 8 விநாடிக்குள் அது வராவிட்டால் மாற்று உள்ளடக்கத்தைக் காட்டுங்கள். லோடிங் லேசி என்று குறித்த ஐஃப்ரேம், பயனர் அதன் அருகே உருட்டி வரும்வரை லோடாகாது. அப்படிக் குறித்தவற்றுக்கு நேரக் கணக்கைப் பக்கம் திறந்த நொடியிலிருந்து தொடங்காதீர்கள்.

ஒரே ஆரிஜினா?

ஸ்கீம் (எச்டிடிபி போன்ற முன்பகுதி), ஹோஸ்ட் (தளத்தின் பெயர்), போர்ட் (எண்) மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்தால்தான் ஒரே ஆரிஜின். லோக்கல்ஹோஸ்ட்டும் 127.0.0.1-உம் ஒரே கணினிதான், ஆரிஜின் வேறு. 3000 போர்ட்டும் 8080 போர்ட்டும் வேறு. ஃபைலை இருமுறை கிளிக் செய்து நேராகத் திறந்தால், பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு ஃபைல்களைக்கூட பிரவுசர் அந்நியமாகவே நடத்தும். ஃப்ரேம் கோடை எப்போதும் ஒரு லோக்கல் சர்வரில் வைத்தே சோதியுங்கள்.

ஆரிஜின் வேறென்றால் கன்டென்ட்டாக்குமென்ட் சத்தமில்லாமல் நல் தரும். கன்டென்ட்விண்டோ வழியாக டாக்குமென்டைத் தொட்டால் செக்யூரிட்டி எரர் வரும். லொகேஷனைப் படிக்க முடியாது, ஆனால் எழுத முடியும். போஸ்ட்மெசேஜ் (விண்டோக்களுக்கு இடையே செய்தி அனுப்பும் வழி), ஃபோகஸ், ஃப்ரேம்களின் எண்ணிக்கை ஆகியவையும் அனுமதிக்கப்பட்டவை. டாக்குமென்ட்.டொமைனை இரு பக்கமும் ஒன்றாக்கும் பழைய உத்தி கைவிடப்பட்ட ஒன்று. அதைப் புதிதாகச் சேர்க்காதீர்கள், இருந்தால் போஸ்ட்மெசேஜுக்கு மாற்றுங்கள்.

போஸ்ட்மெசேஜில் நான்கு இடங்கள் கவனத்துக்குரியவை. ஒன்று, அனுப்பும்போது இரண்டாவது அளவுருவாக யாருக்கு என்ற ஆரிஜினைத் தெளிவாகக் கொடுங்கள். நட்சத்திரக் குறி போட்டால், இடையில் ஃப்ரேம் வேறு தளத்துக்குப் போயிருந்தாலும் செய்தி அவர்கள் கைக்குப் போகும். இரண்டு, வாங்குபவர் நிகழ்வின் ஆரிஜின், சோர்ஸ் இரண்டையும் சரிபார்க்க வேண்டும், அதுவும் முழுச் சம ஒப்பீடாக. 'இந்தப் பெயர் உள்ளே இருக்கிறதா' என்ற சோதனையை, அதே பெயரைத் தன் முகவரிக்குள் சேர்த்துக்கொண்ட எந்தத் தளமும் தாண்டிவிடும். ஆரிஜினின் முடிவில் சாய்கோடு வராது. சாய்கோட்டோடு ஒப்பிட்டுவிட்டு, செய்தியே வரவில்லை என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது. மூன்று, ஃபங்ஷன்களையும் எலிமென்ட்களையும் அனுப்ப முடியாது, டேட்டா குளோன் எரர் வரும். நான்கு, உள்பக்கம் காது கொடுக்கும் முன் அனுப்பிய செய்தி தொலைந்துபோகும், அதை யாரும் வரிசையில் வைத்துக் காத்திருப்பதில்லை. அதனால் உள்பக்கம் 'தயார்' என்று சொல்லட்டும், அதன் பிறகு தாய்ப் பக்கம் பேசட்டும்.

உயரம்

உள்ளடக்கத்துக்கு ஏற்ப ஃப்ரேமின் உயரத்தை மாற்றுவதுதான் பலரும் கேட்பது, அதிகம் கெட்டுப்போவதும் அதுதான். அளவு கொடுக்காத ஐஃப்ரேம் 300-க்கு 150 பிக்சலில் நிற்கும்.

உள்பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு டிவ்வுக்குள் வைத்து, அளவு மாறினால் தெரிவிக்கும் ரீசைஸ் அப்சர்வரால் அதைக் கவனியுங்கள். மாறும்போது அந்த டிவ்வின் உயரத்தை கெட்பவுண்டிங்கிளயன்ட்ரெக்ட் மூலம் எடுத்து, பின்னம் இருந்தால் மேல்நோக்கி முழுமையாக்கி, முந்தைய மதிப்பிலிருந்து மாறியிருந்தால் மட்டும் தாய்க்கு அனுப்புங்கள். டாக்குமென்ட்எலிமென்ட்டின் ஸ்க்ரோல்ஹைட்டை எடுக்காதீர்கள். அது ஃப்ரேமின் தற்போதைய உயரத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது, எனவே ஃப்ரேம் வளரும், திரும்பச் சுருங்காது.

ஃப்ரேம் நிற்காமல் நீண்டுகொண்டே போகிறதா? உள்ளே எங்கேனும் 100விஎச் (100vh) இருக்கிறதா என்று தேடுங்கள். ஐஃப்ரேமுக்குள் விஎச் என்பது திரையின் உயரம் அல்ல, அந்த ஃப்ரேமின் உயரம். ஃப்ரேம் 400 பிக்சல், உள்ளே 100விஎச் உயரப் பெட்டி, அதற்கு மேல் 20 பிக்சல் பேடிங் என்று வைத்துக்கொள்வோம். அளவு 420 என்று போகும். ஃப்ரேம் 420 ஆகும், 100விஎச்சும் 420 ஆகும், அடுத்த அளவு 440. இது ஓயாது. அந்த விஎச்சை எடுத்துவிடுவதே சரியான தீர்வு.

எதிர்த்திசையில், சில பிக்சல் குறைந்து ஸ்க்ரோல்பார் எட்டிப் பார்க்கும். பாடியின் இயல்பான மார்ஜின் மேலே 8, கீழே 8, ஆக 16 பிக்சல். அதை 0 ஆக்குங்கள். கடைசிப் பத்தியின் மார்ஜின் டிவ்வைத் தாண்டி வெளியே கசியும், டிவ்வுக்கு டிஸ்ப்ளே ஃப்ளோ-ரூட் கொடுத்தால் உள்ளேயே நிற்கும். ஐஃப்ரேமின் இயல்பான பார்டர் ஒவ்வொரு ஓரத்திலும் 2 பிக்சல். தாய்ப் பக்கம் எல்லாவற்றுக்கும் பார்டர்-பாக்ஸ் (பார்டரையும் உயரத்துக்குள் சேர்க்கும் அளவுமுறை) போட்டிருந்தால், கொடுத்த உயரத்திலிருந்து 4 பிக்சலை அது தின்றுவிடும். ஐஃப்ரேமுக்குக் கீழே ஒரு மெல்லிய இடைவெளி தெரிந்தால் அது இன்லைன் எலிமென்ட்டாக இருப்பதன் விளைவு, டிஸ்ப்ளே பிளாக் கொடுங்கள்.

வெற்றாகத் தெரியும் ஃப்ரேம்

உள்பக்கத்தின் சர்வர் எக்ஸ்-ஃப்ரேம்-ஆப்ஷன்ஸ் ஹெடரையோ, கன்டென்ட்-செக்யூரிட்டி-பாலிசியில் ஃப்ரேம்-ஆன்செஸ்டர்ஸையோ (தன்னை யார் ஃப்ரேமுக்குள் வைக்கலாம் என்று சொல்பவை) அனுப்பி உங்களைத் தடுத்தால், தாய்ப் பக்கத்தில் எழுதும் எந்த ஜாவாஸ்கிரிப்டாலும் அதைத் தாண்ட முடியாது. நெட்வொர்க் பகுதியில் அந்தப் பக்கத்தின் ரெஸ்பான்ஸ் ஹெடர்களைப் பாருங்கள். இரண்டும் இருந்தால் ஃப்ரேம்-ஆன்செஸ்டர்ஸ் சொல்வதே செல்லும். உங்கள் சர்வர் என்றால் அங்கே அனுமதிக்க வேண்டிய ஆரிஜின்களைச் சேருங்கள், மெட்டா டேகில் எழுதினால் எடுபடாது. எச்டிடிபிஎஸ் பக்கத்துக்குள் எச்டிடிபி பக்கத்தை வைத்தாலும் பிரவுசர் தடுத்துவிடும்.

சாண்ட்பாக்ஸ் (உள்பக்கத்தின் உரிமைகளைக் குறைக்கும் கட்டுப்பாடு) போட்ட ஃப்ரேமில் ஸ்கிரிப்ட் ஓட அலவ்-ஸ்கிரிப்ட்ஸ் தேவை. அலவ்-சேம்-ஆரிஜின் இல்லையென்றால் அந்தப் பக்கத்தின் ஆரிஜின் 'நல்' என்ற எழுத்துத்தொடராக வரும், குக்கியும் லோக்கல் ஸ்டோரேஜும் கிடைக்காது. ஆனால் உங்கள் சொந்த ஆரிஜினிலிருந்து வரும் நம்பகமற்ற உள்ளடக்கத்துக்கு இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. உள்ளே ஓடும் ஸ்கிரிப்ட் தாய்ப் பக்கத்தில் புகுந்து சாண்ட்பாக்ஸையே கழற்றிவிடும். அத்தகைய உள்ளடக்கத்தைத் தனி டொமைனில் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது சாண்ட்பாக்ஸை மாற்றினால், அடுத்த லோடிலிருந்துதான் அது அமலாகும்.

தனியாகத் திறந்தால் லாகின் ஆகிறது, ஃப்ரேமுக்குள் லாகின் பக்கமே சுற்றிச் சுற்றி வருகிறது என்றால் குக்கிதான் காரணமாக இருக்கும். சேம்சைட் (வேற்றுத் தளத்துக்குள் குக்கி போகலாமா என்ற குறிப்பு) குறிக்காத குக்கியை 2020-இல் வந்த குரோம் 80 முதல் லேக்ஸ் என்றே எடுத்துக்கொள்கிறார்கள், அது வேற்றுத் தள ஃப்ரேமுக்குள் போகாது. சேம்சைட் நன் (None), செக்யூர் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். சஃபாரி அதையும் தடுக்கும். அங்கே பயனர் ஒரு பட்டனை அழுத்தும்போது ரிக்வெஸ்ட்ஸ்டோரேஜ்ஆக்சஸ் மூலம் குக்கிக்கு அனுமதி கேளுங்கள்.

மவுஸ், வரலாறு, இடமாற்றம்

ஃப்ரேமுக்குள் நடக்கும் கிளிக்கும் கீ அழுத்தமும் தாய்ப் பக்கத்துக்குக் குமிழி போல ஏறி வராது. இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே இழுத்து அகலம் மாற்றும் கம்பி வைத்தால், மவுஸ் ஃப்ரேமின் மேல் போன உடனே இழுப்பது நின்றுவிடும். இழுக்கத் தொடங்கும்போது எல்லா ஐஃப்ரேம்களுக்கும் பாயின்டர்-ஈவென்ட்ஸ் நன் கொடுத்து, விடும்போது எடுத்துவிடுங்கள்.

எஸ்ஆர்சியை மாற்றும் ஒவ்வொரு முறையும் பிரவுசர் வரலாற்றில் ஒரு பதிவு சேரக்கூடும். பேக் பட்டனை அழுத்தினால் பக்கம் பின்னே போகாமல் ஃப்ரேம் மட்டும் பின்னே போவது இதனால்தான். கன்டென்ட்விண்டோவின் லொகேஷன்.ரீப்ளேஸ் கொண்டு மாற்றினால் பதிவு சேராது.

ஐஃப்ரேமை அப்பென்ட்சைல்டால் ஒரு டிவ்விலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால் அது முதலிலிருந்து லோடாகும், உள்ளே பயனர் நிரப்பிய ஃபார்ம் காணாமல் போகும். குரோம் 133 முதல் உள்ள மூவ்பிஃபோர் நிலையைக் காப்பாற்றும். மற்ற பிரவுசர்களையும் தாங்க வேண்டுமென்றால் எலிமென்ட்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, கிரிட் இடத்தை சிஎஸ்எஸ்ஸால் மட்டும் மாற்றுங்கள்.